லிந்தாங் சாலை பள்ளி வேன்: ஒரு மெக்கானிக் மாமாவின் மதிப்பீடு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் லிந்தாங் சாலைப் பக்கம் தோட்டத்தில் இருந்துகொண்டு, பிள்ளையைப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்காக. பட்டணத்துத் தாமான் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வேன் என்பது பத்து நிமிடக் கதை. எது கிடைத்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு லயமாக, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளாக, நின்று நின்று போவதால், போக வர ஒன்றரை மணி நேரம் வேனிலேயே போய்விடுகிறது. பெற்ற அம்மா அப்பாவோடு அந்தப் பிள்ளை ஒரு நாளில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசுமா என்று கேட்டால், எங்கள் வீட்டில் பேசாது.

நான் பட்டணத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். வேனில் போவது என் தங்கை மகன். தங்கைக்குத் தோட்டத்தில் செம்பனை நாற்றங்கால் வேலை. இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போக வேண்டும். அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். ஆகவே வேன் காசு என் கணக்கு. தாய்மாமன் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு கட்டுகிறவன் என்ற முறையிலும், வண்டியைப் பார்த்தால் கை சும்மா இருக்காதவன் என்ற முறையிலும் சொல்கிறேன்.

வண்டி டொயோட்டா ஹையேஸ். புதுசு இல்லை, ஆனால் பராமரிப்பு நன்றாக இருக்கிறது. சேர்க்கப் போன அன்று நான் முதலில் குனிந்து பார்த்தது டயரை. டயர் தேயாமல் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வயதைப் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்று இருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். இந்த வேனில் நான்கு டயரும் ஒரே வருடத்தவை. மாற்று டயரில் காற்றும் இருந்தது. இதுவே எனக்குப் பாதி நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது, ஏனென்றால் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் மாற்று டயர் பெரும்பாலும் வெறும் அலங்காரம்தான்.

பள்ளி வேனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புஸ்பாகோம் மாதிரி வாகனச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டுகிறவருக்கு பிஎஸ்வி என்கிற பொதுச் சேவை வாகன லைசென்ஸ் வேண்டும். இரண்டையும் காட்டச் சொல்லிக் கேட்டேன். வேன் ஓட்டும் அக்கா ஒன்றும் சொல்லாமல் சன்வைசரை மடக்கி எடுத்துக் காட்டினார். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவர் வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள். எத்தனை இருக்கையோ அத்தனை பிள்ளைகள்தான், நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைக்கும் வேலை இங்கே கிடையாது. இந்த ஊரில் அதுவே பெரிய விஷயம்.

குறை என்று பார்த்தால் நடுக்கதவு. கீழ்த் தண்டவாளத்து உருளை தேய்ந்துவிட்டது, இரண்டு தடவை இழுத்தால்தான் மூடுகிறது. பின்வரிசைக்கு ஏர்கோன் குளிர் போய்ச் சேருவதில்லை. மத்தியானம் வரும்போது அங்கே உட்காருகிற பிள்ளைகள் வேர்த்து வழிந்துகொண்டுதான் இறங்குகிறார்கள்.

கட்டணம் எங்கள் தோட்டத்துக்கு மாதம் 140 வெள்ளி (ரிங்கிட்). ஆண்டிறுதி நீண்ட விடுமுறைக்குப் பாதிதான் வாங்குகிறார். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் 20 வெள்ளி குறைப்பார். முன்பெல்லாம் ரொக்கம் மட்டும், இப்போது கியூஆர் வைத்திருக்கிறார். ரசீது கேட்டால் பள்ளிக் கணக்குப் புத்தகத் தாளில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். எனக்கு அது போதும்.

நேரம்தான் சங்கடம். காலை 5.50-க்கு வேன் வாசலில் நிற்கும். நம் ஊரில் அப்போது கும்மிருட்டு, விடியவே ஏழு மணி ஆகும். அப்படியென்றால் பையன் ஐந்து மணிக்கு எழ வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி அவன் இரவு ஒன்பதுக்குள் படுத்தாக வேண்டும். கையில் போன் இருக்கும் எந்தப் பையன் ஒன்பது மணிக்குப் படுக்கிறான்? இது வேன்காரர் தப்பு இல்லை, தூரத்தின் தப்பு. ஆனாலும் அக்கா ஒன்று செய்கிறார். காலையில் ரேடியோ போடுவதில்லை, உள்விளக்கும் போடுவதில்லை. பிள்ளைகள் ஏறினதும் தூங்கிவிடுகிறார்கள். ரேடியோ எல்லாம் திரும்பி வரும்போதுதான். அதிலும் சண்டை உண்டு. அக்காவுக்கு மின்னல் எஃப்எம் வேண்டும், பிள்ளைகளுக்கு ராகா வேண்டும். பட்டணம் தாண்டும் வரை ராகா, தோட்டத்துச் சாலைக்குத் திரும்பினதும் மின்னல் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

உட்காரும் இடத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. பள்ளி வேனில் பின்வரிசை யாருடையது என்று வேனில் போய்ப் படித்தவர்களுக்குத் தெரியும். பெரிய பையன்கள் அதைப் பட்டா போட்டு வைத்திருப்பார்கள், சின்னவன் தெரியாமல் போய் உட்கார்ந்தால் தலையில் ஒரு குட்டு விழும். இங்கே பின்வரிசை வாராவாரம் மாறும். சன்வைசரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, யார் எந்த வாரம் எங்கே என்று. பெண் பிள்ளைகள் விரும்பினால் ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டு வரிசையை எடுத்துக்கொள்ளலாம். அந்த வரிசையின் இருக்கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சானிட்டரி பேட் வைத்திருக்கிறாராம். கேட்டு வாங்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம். இது எனக்குத் தங்கை சொல்லித்தான் தெரியும். மகள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும் என்று அவள் எழுதச் சொன்னாள்.

வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் மூன்று வகைச் செய்திதான் வரும்: வேன் தாமதம், நாளை விடுமுறை, யாரோ தண்ணீர் போத்தலை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். பிள்ளையின் பெயரைப் போட்டு எந்தச் செய்தியும் வந்ததில்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதற்கு முன் வேறொரு வேனில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். அந்தக் குழுவில், எந்தப் பிள்ளை வேனில் வாந்தி எடுத்தது, எந்தப் பிள்ளை கெட்ட வார்த்தை பேசியது என்று படத்தோடு போடுவார்கள். முப்பது பெற்றோர் பார்ப்பார்கள். மறுநாள் அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அடியை விட அதுதான் வலிக்கும்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வண்டி, காசு, நேரம் மட்டும் என்றால் நான் எழுதவே உட்கார்ந்திருக்கமாட்டேன்.

என் மருமகன் படித்தது தோட்டத் தமிழ்ப்பள்ளி. 150 மாணவருக்குக் குறைவாக இருந்தால் அரசாங்கம் குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கு வைக்கும். அவன் பள்ளியில் அதில் பாதிகூட இல்லை. ஆறாம் ஆண்டில் அவனோடு சேர்த்து ஒன்பது பேர். டீச்சருக்கு எல்லார் வீட்டு நாயின் பெயரும் தெரியும். அங்கிருந்து நேராக ஆயிரம் பேருக்கு மேல் படிக்கிற பள்ளி. அதிலும் மலாய்மொழியில் அவன் கொஞ்சம் பின்தங்கியதால் படிவம் ஒன்றுக்குப் போகாமல் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக் கூட்டாளி நேரே படிவம் ஒன்றுக்குப் போய்விட்டான். ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒரே மேசையில் உட்கார்ந்த இரண்டு பேர். இவன் ஒரு வருடம் பின்னால். வீட்டில் நாங்கள், "ஒரு வருஷம்தானே, மலாய் நல்லா வந்துரும்" என்று சொன்னோம். படிப்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. கூட்டாளியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

முதல் சில வாரம் இருவரும் வேனில் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். அப்புறம் பையன் தாளில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு ஓட்டுநருக்கு நேர் பின்னால் வந்து உட்கார ஆரம்பித்தான். பள்ளி விட்டதும் எல்லாருக்கும் முன்னால் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறிக்கொள்வான். வெள்ளிக்கிழமைகளில் முச்சந்தி ஒட்டுக்கடையில் வேன் ஐந்து நிமிடம் நிற்கும், பிள்ளைகள் கறிபாப் வாங்குவார்கள்; இவன் இறங்குவதை நிறுத்திவிட்டான். "பசிக்கல ஆன்ட்டி." ஆனால் மற்றவன் தின்பதை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான்.

இதெல்லாம் அக்கா பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தங்கை வேலை முடிந்து வரும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அப்பா வீடியோ காலில் "படிச்சியா" என்பார், "ம்" என்பான். நான் ஞாயிற்றுக்கிழமை போனால் என் போனை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துகொள்வான்.

அக்கா அவனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. வேனில் அத்தனை பேர் நடுவில் "என்னடா, ஏன் ஒரு மாதிரி இருக்கே" என்று கேட்டிருந்தால் அவன் வாய் அன்றோடு அடைத்திருக்கும். அவர் செய்தது இறக்கிவிடும் வரிசையை மாற்றியது. எங்கள் வீடு இரண்டாவது நிறுத்தம். ஒரு நாள், "மேட்டு லயத்துக்கு முதல்ல போறேன், அந்தப் பக்கம் ஒரு சாமான் கொடுக்கணும்" என்று சும்மா ஒரு காரணம் சொல்லி வேறு வழியாகச் சுற்றினார். இவன் கடைசி ஆளாகிவிட்டான். மேட்டு லயத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏழெட்டு நிமிடம், செம்பனைக்கு நடுவே மண் சாலை. வேனில் இவனும் அவரும் மட்டும். மறுநாளும் அதே சாமான் கதை.

முதலில் அவர் தன் மகன் படிவம் ஒன்றில் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டு வந்தாராம். அவன் சப்பாத்தை யாரோ ஒளித்துவைத்ததை, அவன் காலுறையோடு வீட்டுக்கு வந்ததை. பையன் சிரித்திருக்கிறான். அக்கா கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் அவனே சொன்னான். கழிவறைப் பக்கம் பெரிய பையன்கள் சிலர் நின்றுகொண்டு தினமும் அவன் மூன்று வெள்ளியை வாங்கிக்கொள்கிறார்கள். அவனை "லாடாங், லாடாங்" என்று கூப்பிடுகிறார்கள், மலாயில் தோட்டம் என்று அர்த்தம், கேலிக்குத்தான். கூட்டாளி அதைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போதுதான் அழுதானாம். காசு போனதற்கு அழவில்லை.

அடுத்து அக்கா கேட்டதை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இது வந்திருக்காது: "இதை உங்க அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா, இல்ல மாமாகிட்ட சொல்லட்டா? யார்கிட்டயும் சொல்லாம மட்டும் இருக்க முடியாது தம்பி. யார்கிட்டன்னு நீ சொல்லு." அவன் மாமா என்றான். அம்மா பயந்துபோய் வேலைக்கு லீவு போட்டுவிடுவாள், அப்பா அங்கிருந்து கத்துவார் என்று அவனே கணக்குப் போட்டிருக்கிறான்.

அக்கா காலை ஓட்டம் முடிந்து பட்டறைக்கு வந்தார். தே ஓ, பால் இல்லாத தேநீர், வாங்கிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொல்லி முடித்ததும் என் கையைப் பார்த்து, "அதைக் கீழ வச்சிரு முதல்ல. ஸ்பேனரோட ஸ்கூலுக்குப் போயிடாதே" என்றார். எனக்கே அப்போதுதான் கையில் ஸ்பேனர் இருப்பது தெரிந்தது. "இன்னைக்கு சாயங்காலம் போ. கேள்வி கேக்காதே. ஏதாச்சும் வேலை செஞ்சிக்கிட்டு அவனைப் பக்கத்துல வச்சிக்க. அவன்கிட்ட நான் உன்னைப் பார்க்க வர்றேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

தங்கையின் மோட்டார் ஹோண்டா இஎக்ஸ்5. சங்கிலி தொய்ந்து கிடந்தது. அதை இறுக்குகிறேன் என்று வாசலில் உட்கார்ந்தேன். "டார்ச் பிடிடா" என்றேன். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கக் கோடும் ஒன்றாக இருக்கிறதா என்று அவனைப் பார்க்கச் சொன்னேன். அவன் வெளிச்சத்தை நட்டின் மேல் வைத்துக்கொண்டு, அந்த நட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, நானும் நிமிரவில்லை. சங்கிலி எப்போதோ சரியாகிவிட்டது. அவன் முடிக்கும் வரை நான் அதைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தேன். முடித்ததும் அம்மாவிடம் அவனே போய்ச் சொன்னான், நான் பின்னால் நின்றேன்.

பள்ளிக்கு நானும் தங்கையும் போனோம். ஆலோசக ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேசினோம். பள்ளியில் சரிங்கான் மிண்டா சிஹாட் என்று மாணவர்களின் மனநலத்தைப் பார்க்க ஒரு கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். இவன் எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறேன் என்றே குறித்திருந்தான். பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தானாம், வேறு என்ன செய்வான்? டீச்சருக்கு இது புதிதில்லை. ஐந்நூறு மாணவருக்கு ஓர் ஆலோசக ஆசிரியர் என்பது இடைநிலைப்பள்ளிகளுக்கான கணக்கு. ஐந்நூறு முகத்தில் எந்த முகம் வாடியிருக்கிறது என்று ஒரு மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பார்? யாராவது வந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். சொன்ன பிறகு அவர் வேலையைச் சரியாகச் செய்தார்; அந்தப் பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார், கட்டொழுங்கு ஆசிரியரை இழுத்தார், அவர்கள் வீட்டுக்கும் தகவல் போனது.

அந்த டீச்சர் பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசினார். 2022-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. எட்டில் ஒருவருக்கு உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தது. மண்டபத்தில் சத்தமே இல்லை. ஆனால் எனக்கு மனதில் நின்றது அந்தக் கணக்கை விட, இந்த மாதிரி ஆய்வுகளில் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகள். கடந்த 30 நாளில் உன் பெற்றோர் உன் கவலையைப் புரிந்துகொண்டார்களா? ஓய்வு நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா? வீட்டுப்பாடம் முடித்தாயா என்று பார்த்தார்களா? பள்ளியில் மற்ற மாணவர்கள் உன்னிடம் அன்பாகவும் உதவியாகவும் இருந்தார்களா? நான் தங்கையைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நாற்றங்காலில் வெயிலில் நிற்கிறவளுக்கும் சிங்கப்பூரில் ஓவர்டைம் செய்கிறவருக்கும் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் கேள்விகளுக்கு "ஆமாம்" என்று பிள்ளை குறிப்பதற்கு வேண்டியது நேரம். அது எங்கள் வீட்டில் இல்லை. வேனில் இருந்தது.

கூட்டாளி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவனை எல்லாரும் திட்டப் பார்த்தோம். அக்கா விடவில்லை. அவனும் பதின்மூன்று வயதுப் பையன்தான், அவனுக்கும் பயம். அவனிடம் அவர் சொன்னது: "நீ சண்டை போட வேணாம், யாரையும் எதிர்த்துக் கேக்க வேணாம். கேண்டீனுக்குப் போறப்ப அவன்கூட நட. அது போதும்." வேனில் வரும் பெரிய பையன்கள் இரண்டு பேரிடமும் இதே பேச்சு. இப்போது பள்ளி விட்டதும் தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஒன்றாக நடந்து வேன் நிற்கும் இடத்துக்கு வருகிறார்கள். கூட்டமாக வருகிறவனிடம் யாரும் மூன்று வெள்ளி கேட்பதில்லை.

எல்லாம் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். லாடாங் என்று கூப்பிடுவது இன்னும் முழுதாக நிற்கவில்லை. புகுமுக வகுப்பு அவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் கறிபாப் வாங்குகிறான், பின்வரிசை முறை வந்தால் விட்டுக்கொடுப்பதில்லை. வேனில், படிவம் ஐந்தின் முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வை எழுதப் போகும் ஓர் அண்ணன் வரலாறு படிக்கிறான். எஸ்பிஎம் சான்றிதழுக்கு வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம், 2013-லிருந்து அப்படித்தான். லிந்தாங் சாலையில் எல்பில் தோட்டத்துப் பக்கம் வரும்போதெல்லாம் அவன் கேள்வி கேட்பானாம்: 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கே என்ன நடந்தது? துரைமார்களைச் சுட்டார்கள், நாட்டில் அவசரகாலம் வந்தது என்று பின்னாலிருந்து கத்துவார்கள். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எந்த ஊர்க்காரர்? நம்ம ஊர். 1960-இல் என்ன ஆரம்பித்தார்? தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்கிய கதை. இப்போது என் மருமகன்தான் முதலில் பதில் சொல்கிறானாம். லாடாங் என்று கேலி செய்கிறவனுக்கு இதில் பாதி தெரியுமா என்று என்னிடமே கேட்டான்.

அக்கா மனநல ஆலோசகர் கிடையாது, தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை. "நான் வேன் ஓட்டுறேன். பாக்குறதைச் சொல்றேன்" என்பார். அவருக்கு மீறின விஷயம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அதில் உதவி எண்கள்: சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. பிள்ளைகள் தினம் பார்க்கும் இடத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வது நம் நாட்டில் 2023 வரை குற்றமாக இருந்தது, தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு. அதை எடுத்துவிட்டார்கள். போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் இனி யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்பதைப் பெற்றோர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னும் சில குறைகளும் உண்டு. மத்தியான நேரப் பள்ளிக்கு இந்த வேன் ஓடுவதில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் கீழ்ப் படிவங்களுக்கு மத்தியான வகுப்பு என்றால் வேறு வேன்தான் பார்க்க வேண்டும். புறப்பாட நடவடிக்கை உள்ள புதன்கிழமைகளில் ஒரே ஒரு தாமத ஓட்டம்தான். அதைத் தவறவிட்ட பிள்ளையை நீங்களே போய்க் கூட்டிவர வேண்டும். வண்டி ஓட்டும்போது அக்கா போனை எடுக்கவே மாட்டார். அவசரத்துக்கு அழைத்துவிட்டுக் கோபப்படாதீர்கள், எடுத்தால்தான் நீங்கள் கோபப்பட வேண்டும். மற்றொன்று, உங்கள் பிள்ளை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நேரில் கூப்பிட்டுச் சொல்வார், கொஞ்சம் கறாராகவே சொல்வார். "நீங்க போனைக் கீழ வைங்க, அப்புறம் அவனை வைக்கச் சொல்லலாம்" என்று ஒரு அப்பாவிடம் என் எதிரிலேயே சொன்னார். அதைத் தாங்காதவர்கள் இந்த வேனை விட்டுவிடலாம்.

இடம் கிடைப்பது கஷ்டம். இருக்கைக்கு மேல் ஏற்றமாட்டார் என்று முன்பே சொன்னேன். அடுத்த ஆண்டுக்கு வேண்டுமென்றால், ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். எஸ்பிஎம் முடித்துப் போகிறவர்கள் இடம்தான் காலியாகும். காலை ஓட்டம் முடிந்து, ரயில் நிலையத்துப் பக்கம் பசியாறிக்கொண்டிருப்பார். அங்கே போய்ப் பார்ப்பது போன் போடுவதை விட மேல். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் முதலில் பேசுவது பிள்ளையிடம்தான்.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு. மீதி ஒன்று அந்த நடுக்கதவுக்காக. உருளை வாங்கி என் பட்டறையில் வைத்திருக்கிறேன், கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். வண்டியை அரை நாள் நிறுத்தினால் மாட்டிவிடலாம். அக்கா "லீவுல பாத்துக்கலாம்" என்கிறார்.